பொத்தானை அழுத்தியது யார்

அந்த வாகனம் எங்கள் மன்னார்க் கந்தோருக்கு வந்தபோது ஆசனங்களின் பொலித்தீன் உறைகூடக் கழற்றப்பட்டிருக்கவில்லை. மீள்குடியேறிய ஊர்களில் வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் அப்போது சாரதி. அதுவரை எங்களிடம் இருந்தவை இரண்டு பழைய பிக்கப்புகள். அவற்றில் கியர் தண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டித் தண்டு இருக்கும். மணல் வந்தால் அதை இழுத்துப் போட்டு நாலு சில்லையும் சேர்த்துச் சுற்ற விடலாம், தார் வந்தால் எடுத்துவிடலாம். உள்ளே என்ன நடக்கிறது என்பது கைக்குத் தெரியும். புது வாகனத்தில் அந்தத் தண்டு இல்லை. நாலு சில்லும் எப்போதும் இழுக்கும். எந்தச் சில்லுக்கு எவ்வளவு பலம் என்பதை வாகனமே பார்த்துக்கொள்ளும். கியரும் ஆட்டோ.

கொழும்பிலிருந்து அதைக் கொண்டுவந்தவர் எங்கள் போக்குவரத்து அதிகாரி. சிங்களவர். தட்டுத் தடுமாறித் தமிழ் பேசுவார், ஆனால் தமிழில்தான் பேசுவார். முற்றத்தில் வைத்து எனக்கு எல்லாவற்றையும் காட்டினார். ஒரு சில்லு வழுக்கிச் சுற்றினால் உள்ளே இருக்கும் கணினி அந்தச் சில்லை மட்டும் பிரேக் பிடிக்கும், எஞ்சின் பலத்தையும் குறைக்கும். வளைவில் வாகனம் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தால் அதுவே பிடித்து நேராக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே, வலது பக்கம், வழுக்கிப் போகும் ஒரு காரின் படம் போட்ட சின்னப் பொத்தான் இருந்தது. அதைத் தொடக்கூடாது என்றார். தொடமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்.

நான் சின்ன வயதில் பேசாலையிலிருந்து படகில் போனவன். இருபது வருடம் தமிழ்நாட்டில் முகாம். இராமநாதபுரம் பக்கம் சரக்கு வண்டி ஓட்டித்தான் வாகனம் பழகினேன். சண்டை முடிந்து மனைவியோடும் மகளோடும் திரும்பி வந்தபோது ஊரில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் கடலுக்குப் போனார்கள். எனக்குக் கடல் தெரியாது. வலை இழுக்கப் போய் இரண்டாம் நாளே வாந்தி எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தேன். சாரதி வேலை கிடைத்த பிறகுதான் ஊரில் நிமிர்ந்து நடந்தேன். இதைச் சொல்வது பின்னால் நான் செய்ததற்குச் சமாதானமாக அல்ல. அந்த வேலையை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது தெரியவேண்டும்.

வாகனம் வந்து மூன்றாம் கிழமை, எங்கள் கள அலுவலரைச் சிலாவத்துறைக்கு அப்பால் ஒரு குடியிருப்புக்குக் கூட்டிப் போனேன். அவரை நாங்கள் மிஸ் என்போம். நறுவிலிக்குளத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், வயல்காரக் குடும்பம். சனத்தின் தகரக் கொட்டில்களுக்கு முன்னால் நின்று அத்திவாரம் எங்கே வரும் என்று குச்சி நட்டுக் காட்டுவது அவருடைய வேலை. பெரிய வீதியிலிருந்து அந்தக் குடியிருப்புக்கு ஒரு பாதை போனது. முழுக்க மணல். இரண்டு பக்கமும் சிவப்புப் பூசிய கட்டைகள் நட்டு நாடா கட்டியிருந்தார்கள். மிதிவெடி எடுக்காத நிலம் அது. மணல் ஆழமாக இருக்கிறதென்று ஓரமாக ஏற்றிப் போக வழியில்லை.

பாதி தூரத்தில் வாகனம் நின்றுவிட்டது. நான் அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின் அடங்கிக்கொண்டே போனது. சில்லு சுற்றினால்தானே மணலில் ஏறிப் போகலாம். இது சில்லு சுற்றத் தொடங்கியதும் பிடித்து நிறுத்தியது. கணினிக்கு அது வழுக்கல். பத்து நிமிடத்தில் வயிறு மணலில் முட்டும் அளவுக்குப் புதைந்துவிட்டது. மிஸ் இறங்கி, பாதையை விட்டு விலகாமல், குடையை விரித்துக்கொண்டு நின்றார்.

குடியிருப்புப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். சாரம் கட்டியிருந்தார், கையில் கத்தி. வேலிக்கு முள் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வாகனத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார், குனிந்து பார்த்தார். ரயர் காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். பிறகு என் பக்கக் கண்ணாடிக்குள் தலையை நீட்டி டாஷ்போட்டைப் பார்த்தார். கொம்பியூட்டரை நிப்பாட்டாமல் இந்த மணலில் ஓட ஏலாது, நிறுத்தட்டுமா என்று கேட்டார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் கடலைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் கையை உள்ளே விட்டுப் பெருவிரலால் பொத்தானை அழுத்திப் பிடித்தார். முதலில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. விரலை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இரண்டாவது விளக்கும் எரிந்தது. அப்போதுதான் விட்டார்.

அவரையே ஓட்டச் சொன்னேன். பின்னுக்கு எடுத்து, தன் தடத்திலேயே முன்னுக்கு விட்டு, மறுபடி பின்னுக்கு எடுத்து, மூன்றாம் முறையில் ஒரே மூச்சில் ஏறினார். எஞ்சின் முழுச் சத்தத்தோடு கத்தியது. நாலு சில்லும் மணலை வாரி எறிந்தன. அந்த வாகனம் அப்படி ஓடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் ஏழு வருடம் வளைகுடாவில் பாலைவனத்து வேலைத்தலங்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கிய சாரதி. இங்கே சம்மாட்டி ஒருவரின் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். நான் அவரை முஸ்லிம் வழக்கப்படி நானா என்றேன், அவர் என்னை அண்ணன் என்றார். யார் மூத்தவர் என்று கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கும் ஊரைவிட்டு ஓடிய கதை ஒன்று இருந்தது. நான் படகில் வடக்கே போன அதே காலத்தில், ஊர் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது, அவர் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெற்கே புத்தளத்துக்கு நடந்திருந்தார். கலியாணமும் புத்தளத்து முகாமில்தான். மனைவிக்குச் சிலாவத்துறை என்பது மாமனார் வாயால் கேட்ட ஒரு பெயர் மட்டும். புத்தளத்தில் கல்வீடு, உறவுகள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பாம்பு வரும் தகரக் கொட்டிலுக்கு வந்திருந்தார். வாப்பாவின் காணி என்று ஒன்று இருக்கும்போது ஆள் அங்கே இருக்கவேண்டும் என்பது நானாவின் பிடிவாதம். வாப்பா புத்தளத்திலேயே மௌத்தாகி அடக்கமாகியிருந்தார்.

அதன் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் கொட்டிலில் தேத்தண்ணி குடிப்பேன். வாகனத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவோம். பொத்தானை ஒருமுறை தட்டினால் சில்லு சுற்றுவதைப் பிடிக்கும் கட்டுப்பாடு மட்டும்தான் நிற்கும், வேகம் கூடினால் அது தானாகத் திரும்பி வந்துவிடும் என்று சொல்லித் தந்தார். அழுத்திப் பிடித்தால் வாகனத்தை நேராக வைத்திருக்கும் கட்டுப்பாடும் சேர்ந்து நின்றுவிடும். அது தானாக வராது, திரும்ப அழுத்தவேண்டும் அல்லது எஞ்சினை நிறுத்திப் போடவேண்டும். அந்த மணலுக்கு இரண்டும் நின்றால்தான் சரி. ஒன்றை மட்டும் அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

"மணல் முடிஞ்ச உடன திரும்பப் போட்டிருங்கோ அண்ணன். கிரவல்ல இது இல்லாட்டி வண்டி எங்க போகுமெண்டு அதுக்கே தெரியாது."

நான் போட்டேன். பெரிய வீதியில் ஏறும் இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, பொத்தானை அழுத்தி, இரண்டு விளக்கும் அணைந்ததைப் பார்த்துத்தான் புறப்படுவேன். எத்தனை தடவை அப்படிச் செய்தேனோ தெரியாது. வாகனப் பதிவுப் புத்தகத்தில் மட்டும் இதை எழுதவில்லை. மிஸ்ஸுக்குத் தெரியும். அவரும் எழுதச் சொல்லவில்லை.

அந்த வருட மாரி தொடங்கும் நேரம் எங்கள் மற்றச் சாரதி வேலையை விட்டுப் போனார். மிஸ்தான் நானாவை விண்ணப்பிக்கச் சொன்னார். ஒரு வியாழக்கிழமை முற்பகல் பத்து மணிக்கு மன்னாரில் ஓட்டப் பரீட்சையும் நேர்முகமும் என்று கடிதம் வந்தது. அதற்கு முந்தின மூன்று நாளும் விடாத மழை. பஸ் ஓடவில்லை. எனக்கு அன்று காலை அந்தக் குடியிருப்பில் சில படிவங்களைக் கொடுக்கும் வேலை இருந்தது. வரும்போது அவரையும் ஏற்றி வரச் சொன்னார் மிஸ்.

நான் போனபோது நானா வெள்ளைச் சட்டை, நீளக் காற்சட்டையில் வாசலில் நின்றார். காற்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்திருந்தார். சப்பாத்தைப் பொலித்தீன் பையில் போட்டுக் கையில் வைத்திருந்தார், சேறு படாமல். மனைவி வேலியடிக்கு வந்தார். வழமையாக என்னோடு அதிகம் பேசமாட்டார்.

"இந்த வேலை கிடைச்சா நான் இங்கயே இருக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறன் அண்ணன்," என்றார். "பார்த்துக் கூட்டிக்கொண்டு போங்கோ."

பாதை அன்று மணல் பாதையாக இருக்கவில்லை. சேற்றுக் குழம்பு. இரண்டு விளக்கும் எரியும் வரைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். அவர் பக்கத்து ஆசனத்திலிருந்து, சேற்றில் நான் ஓட்டுவதைப் பார்த்துச் சிரித்தார், நல்ல சிரிப்பு. பாதை முடிந்து பெரிய வீதியில் ஏறும் இடத்தில் ஓர் உழவு இயந்திரம் வந்துகொண்டிருந்தது. அது கடந்துவிட்டால் அதன் பின்னால் மாட்டிக்கொள்வோம், நேரம் போய்விடும் என்று நிற்காமல் அதற்கு முன்னால் ஏற்றினேன். நான் நிற்கும் இடம் அது. அன்றைக்கு நிற்கவில்லை.

அரிப்பு ஊரைக் கடந்தோம், ஆற்றைக் கடந்தோம். வழியெல்லாம் பேச்சு. என்ன கேட்பார்கள், பின்னோக்கி ஓட்டச் சொல்வார்களா, ஆங்கிலத்தில் கேட்டால் என்ன செய்வது. மழை கொஞ்சம் விட்டிருந்தது. அந்த நாளில் அங்கே தார் கிடையாது, சிவப்புக் கிரவல்தான். மூன்று நாள் மழையில் அது சவர்க்காரம் போல இருந்தது. கடைசி நாலைந்து மைலில் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். வாய்க்குள் துஆ ஓதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நறுவிலிக்குளத்துக்குக் கிட்ட, கட்டுக்கரைக் குளத்துத் தண்ணி வரும் வாய்க்கால் ஒன்று வீதிக்குக் குறுக்கே போகிறது. அதற்கு மேல் ஒரு மதகு. மதகுக்கு முன்னால் சின்ன வளைவு. ஒரு பசு வீதியைக் கடந்து மறுபக்கம் நின்றது. அதைப் பார்த்தேன். அதன் கன்று இந்தப் பக்கம் வயலுக்குள் நின்றதைப் பார்க்கவில்லை. அது தாயிடம் பாய்ந்தது.

ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்துப் பிரேக்கை மிதித்தேன். வேகம் அறுபதுக்குள்தான். ஆனால் பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொண்டு வரத் தொடங்கியது. அந்த வாகனத்தில் முன்பும் ஒருமுறை ஈர வீதியில் அப்படி வந்திருக்கிறது. அப்போது ஏதோ ஒரு சில்லு கடகடவென்று பிடித்து, யாரோ வாலைப் பிடித்து இழுத்து வைத்தது போல நேராகியது. நான் அதற்காகக் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன், கையால் ஒன்றும் செய்யாமல். அது வரவில்லை. வாகனம் பக்கவாட்டாகவே போய் இடது கதவை மதகுச் சுவரில் கொண்டுபோய் அடித்தது.

கண்ணாடி உடைந்த சத்தத்துக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. எனக்கு நெற்றியில் மட்டும் காயம். எதிரே டாஷ்போட்டில் இரண்டு மஞ்சள் விளக்கும் எரிந்துகொண்டிருந்தன.

வயலில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். அலவாங்கு கொண்டுவந்து கதவை நெம்பினார்கள். அவருடைய இடது கால் முழங்காலிலிருந்து கீழே கதவுக்கும் ஆசனத்துக்கும் இடையில் நசிந்திருந்தது. அவர் கத்தவில்லை. நேரம் என்ன என்று ஒருமுறை கேட்டார். உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் போட்டு, அவரைக் கிடத்தி, மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதையில் ஏறும்போது நான் முந்திக்கொண்டு வந்தேனே, அதே உழவு இயந்திரம். பின்னால் வந்துகொண்டிருந்திருக்கிறது.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். காலைக் கட்டி உயர்த்தி வைத்திருந்தார்கள். மனைவி கட்டிலடியில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, சுடுதண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நானா கதிரையைக் காட்டினார். நான் இருந்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அந்த லைட் எரிஞ்சத நான் கண்டனான் அண்ணன். ஆத்துக்கு இஞ்சால வரேக்கயே கண்டனான். சொல்லுவமெண்டு வாய் வரைக்கும் வந்திச்சு. வேலைக்குச் சேர முந்தியே உங்களுக்குப் பிழை பிடிக்கிற மாதிரி இருக்குமெண்டு விட்டுட்டன். என்டயும் பிழைதான்."

கடைசி நாலைந்து மைல் அவர் பேசாமல் வந்தது அதனால்தான். இல்லை, முழுப் பிழையும் என்னுடையது என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அவர் தன் பங்குக்கு எடுத்துக்கொண்ட அந்தப் பிழை என் பாரத்தை எவ்வளவு குறைத்தது என்பதை அப்போதே உணர்ந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆஸ்பத்திரிப் படியால் இறங்கும்போது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அடுத்த கிழமை போக்குவரத்து அதிகாரி வந்தார். உடைந்த வாகனத்தைக் கந்தோர் முற்றத்தில் தரப்பாள் போட்டு மூடி வைத்திருந்தோம். ஒரு சின்னக் கருவியை அதில் கொழுவிப் பார்த்தார். பிறகு மிஸ்ஸின் அறைக்குள் என்னைக் கூப்பிட்டார். மிஸ்ஸும் இருந்தார், நான் சொல்வதை எழுதுவதற்கு. அதிகாரி கோபப்படவில்லை. காயம் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டார். இரண்டு கட்டுப்பாடும் நிறுத்தி இருந்தது, நான் தொடவேண்டாம் என்று சொன்னேன் அல்லவா என்றார். பிறகு கேட்டார்.

"யார் அமத்தினது?"

அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் இருந்தது. நான் நிறையச் சொற்கள் சொன்னேன். நானா பாலைவனத்தில் ஓட்டிய சாரதி, மணலுக்கு நிறுத்தவேண்டும் என்று அவர்தான் சொல்லித் தந்தவர் என்றேன். அது உண்மை. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. பெரிய வீதியில் ஏறியதும் நான் திரும்பப் போடப் போனேன், அவர்தான் இருக்கட்டும் விடுங்கோ என்று சொன்னவர் என்றேன். மிஸ்ஸின் பேனா ஒருகணம் நின்றது. பிறகு எழுதினார். நான் கையெழுத்து வைத்தேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்தார்கள். வேலை போகவில்லை. பழைய பிக்கப்பைத் திரும்ப ஓட்டினேன். வீட்டில் மனைவி அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். அவளுக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

நானாவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி இரண்டு முறை வெட்டித் தகடு வைத்தார்கள். கால் தப்பியது. ஆனால் முழங்கால் மடங்காமல் போய்விட்டது. முதலில் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். பிறகு போகவில்லை. குடியிருப்புப் பக்கம் வேலை வந்தால் அவர் கொட்டில் பக்கம் திரும்பாமல் வந்தேன், அல்லது படிவங்களை யாரிடமாவது கொடுத்துவிட்டேன். கடலுக்கு அவரால் இனிப் போக முடியாது என்று கேள்விப்பட்டேன். படகில் கால் மடக்காமல் நிற்க முடியாது.

சிறுபோகம் அறுக்கும் காலம் ஒரு நாள் அவர் கந்தோருக்கு வந்தார். ஊன்றுகோலோடு பஸ்ஸில் வந்திருந்தார். முற்றத்தில் வாகனம் கழுவிக்கொண்டிருந்த என்னைக் கண்டு சிரித்தார். தான் வந்த காரியத்தையும் சொன்னார். இடது காலுக்கு வேலை கிளச் மிதிப்பதுதானே, ஆட்டோ வாகனத்துக்கு வலது கால் போதும், தன் வலது கால் நன்றாக இருக்கிறது, ஓட்டலாம் என்று வைத்தியர் கடிதமும் தந்திருக்கிறார். உடைந்த வாகனத்துக்குப் பதிலாக எங்களுக்கு வந்ததும் ஆட்டோதான். அதை அவர் எப்படியோ அறிந்திருந்தார். உள்ளே போனார்.

பத்து நிமிடத்தில் வெளியே வந்தார். வைத்தியர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே வந்தார். மகள் பள்ளிக்கூடம் போகிறாளா என்று என்னைக் கேட்டார். ஓம் என்றேன். நல்லம் என்றார். கேற்றைத் தாண்டி, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, பஸ் நிலையத்துப் பக்கம் போனார். பிக்கப்பில் ஏற்றிக்கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்காமல் நான் வாகனத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் மிஸ் என்னைக் கூப்பிட்டார். நானாவின் கோப்பில், வாகனப் பாதுகாப்புக் கருவியைச் சாரதி திரும்பப் போடவிடாமல் தடுத்தவர் என்று இருக்கிறது. அப்படி எழுதப்பட்ட ஒருவரைச் சாரதியாக எடுக்க முடியாது. அதை அவருக்கு வாசித்துக் காட்டியது மிஸ்தான். கொழும்பு அப்படித்தான் செய்யச் சொன்னது.

"நான் எழுதினதை நானே வாசிச்சன்," என்றார் மிஸ். "அவர் அப்பிடியோ எண்டு மட்டும் கேட்டவர். தம்பி, அவர் உண்மையா அப்பிடிச் சொன்னவரோ?"

ஓம் என்றேன். நம்பினாரோ இல்லையோ, மிஸ் பிறகு கேட்கவில்லை. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலை அவர் அறைக்குப் போய், நானா அப்படிச் சொல்லவில்லை மிஸ் என்றேன். மிஸ் திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

உழவு இயந்திரத்தை முந்த நினைத்து நிற்காமல் ஏறியது, பொத்தானை மறந்தது, விசாரணையில் பொய் சொன்னது எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. அது கொழும்புக்குப் போய் ஆறு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. விபத்தின் கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது, மறுபடி திறப்பதில்லை. என்னுடைய வேலை ஒப்பந்தம் முடியும் நாளோடு முடியும். அந்த வருடக் கடைசியில் மன்னார்த் திட்டமே முடிந்து கந்தோரைப் பூட்டினார்கள். என் கடிதத்தின் பிரதியை நானாவின் கோப்பில் சேர்த்து வைத்ததாக மிஸ் சொன்னார். அந்தக் கோப்பு எங்கே போனதென்று தெரியாது. அதைத் திறந்து பார்க்க அங்கே ஆள் இல்லை.

வேலை முடிந்த அடுத்த கிழமை பஸ் ஏறிச் சிலாவத்துறைக்குப் போனேன். மணல் பாதையில் இப்போது கிரவல் போட்டிருந்தார்கள். சிவப்புக் கட்டைகள் இல்லை. பல காணிகளில் கல்வீடுகள் எழும்பியிருந்தன. அவருடைய காணியில் எங்கள் நிறுவனம் கட்டிய வீடு, கூரை போட்டு, பூச்சுப் பூசாமல் நின்றது. வாசலில் சாக்கு மூட்டைகளும் கட்டிய பாயும் பானை சட்டிகளும் இருந்தன. புத்தளத்துக்குத் திரும்பிப் போகிறார்கள். மறுநாள் லொறி வருகிறதாம்.

அவர் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். போகிற சந்தோசம் அவர் முகத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை. முற்றத்தில் அவர் நட்ட முருங்கை தோள் உயரம் வளர்ந்திருந்தது. அதற்குத் தண்ணி ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

நான் சொன்னேன். நானா தடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடிதம் எழுதியதையும் அதற்கு வந்த பதிலையும் சொல்லி முடித்தேன்.

"கந்தோரில வாசிக்கேக்கயே விளங்கினது," என்றார். பிறகு உள்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இவக்குச் சொல்லயில்ல. நீங்களும் சொல்லிப் போடாதீங்கோ. இஞ்ச வந்ததில நல்லதெண்டு அவ ஒண்டு ரெண்டைத்தான் வச்சிருக்கா. அதில நீங்க எங்கட கொட்டில்ல தேத்தண்ணி குடிச்சதும் ஒண்டு."

மன்னித்துவிடுங்கோ நானா என்றேன். அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்றோ, பரவாயில்லை என்றோ சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன் போல. அவர் தேத்தண்ணி ஆறுகிறது என்றார்.

காணியை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். வேலியை மட்டும் பார்த்துக்கொள்ள ஒருவரிடம் சொல்லியிருப்பதாகவும், வருடத்துக்கு ஒருமுறை வந்து போவதாகவும் சொன்னார். காணிப் பத்திரத்தில் வாப்பாவின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதுவித்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது கேட்டது. அவர் கோலை எடுத்து எழுந்தார். வேண்டாம் என்று நான் சொல்லியும் பள்ளிக்குப் போகும் வழிதான் என்று பெரிய வீதி வரைக்கும் கூட வந்தார். மெதுவாகத்தான் நடந்தோம். மன்னார் பஸ் தூரத்தில் வந்தபோது அவரே கோலை உயர்த்தி மறித்தார். நான் ஏறினேன். அவர் கொண்டக்டரிடம், ஆளைக் கவனமாக இறக்கிவிடச் சொன்னார். பின் ஆசனம் ஒன்றுதான் காலியாக இருந்தது. நான் போய் இருந்து திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் வீதியைக் கடந்து பள்ளிப் பக்கம் திரும்பியிருந்தார்.